செம்பு அண்ணாச்சியின் திருகாணி

செம்பூருக்கு அந்தப் பெயர் வந்ததே எங்கள் செம்பு அண்ணாச்சியால்தான் என்று நான் சொன்னால், சரித்திரம் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

அவருக்கு வீடு தாராவியில், வேலை செம்பூர்ப் பக்கம், எங்கள் லேசர் ஆய்வுக்கூடத்தில். தலைமுடியைவிட மெல்லிய செம்புத் தகடுகளை வெட்டி, லேசர் பாயும் இடத்தில் நிறுத்துவது அவர் பொறுப்பு. தகடு பறந்துவிடும் என்று மே மாதத்தில்கூட அவர் அறையில் மின்விசிறி சுற்றாது. ஒருமுறை டெல்லியிலிருந்து வந்த விஞ்ஞானி ஒருவர் அடக்க முடியாமல் தும்மிவிட்டார். அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பெரிய மனிதர் கோட்டோடு தரையில் தவழ்ந்தார். "சாப், உதர் பி தேகோ" என்று, அந்தப் பக்கமும் பார்க்கச் சொல்லி, நாற்காலியில் இருந்தபடியே அண்ணாச்சி வழிகாட்டினார்.

சாவி, சில்லறை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஜோசியர் போடச் சொன்ன செம்பு மோதிரத்தோடு எங்கள் ஆய்வுக்கூடத் தலைவரே வந்தபோதும் விடவில்லை.

"கழத்துங்க சார். ரெண்டு செம்பு இருந்தா எது கத்துதுன்னு எப்படித் தெரியும்?"

எங்கள் வேலை முழுதும் அந்தக் கத்தலில்தான் இருந்தது. அணுக்கருக்களை இணைத்து மின்சாரம் எடுக்க வேண்டுமானால், எரிபொருளை லேசரால் நாலாபுறமும் நசுக்க வேண்டும். லேசர் பட்டதும் சில எலெக்ட்ரான்கள் வெறிபிடித்து உள்ளே ஓடும். நசுங்கும் முன்பே அவை எரிபொருளைச் சூடாக்கினால் காரியம் கெட்டது. அவற்றை நேரில் பார்க்க முடியாது. எனவே பிளாஸ்டிக்குக்கு அடியில் செம்பை ஒளித்து வைப்போம். எலெக்ட்ரான் அதில் மோதினால், செம்பு தனக்கே உரிய எக்ஸ்ரேயை வெளிவிடும்; அதுதான் அந்தக் கத்தல். அது எவ்வளவு பிரகாசமோ, அவ்வளவு எலெக்ட்ரான்கள் அந்த ஆழத்துக்கு வந்திருக்கின்றன.

முலுண்டிலிருந்து ரயிலில் வரும் ஆராய்ச்சி மாணவி நித்யாவுக்கு இதுவரை யாருமே பார்த்திராத அதிசயமான முடிவு கிடைத்தது. செம்பை எவ்வளவு ஆழத்தில் புதைத்தாலும் பிரகாசம் குறையவே இல்லை! ஒரு வாரத்தில் அதை நிபுணர் குழு முன் சொல்ல வேண்டும். அவளுடைய உதவித்தொகை நீடிக்குமா நிற்குமா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

எல்லோரும் ஸ்வீட் சாப்பிட்டோம். அண்ணாச்சி மட்டும் தொடவில்லை.

"பிளாஸ்டிக்கப் பத்து மடங்கு தடிமனாப் போட்டாலும் அதே வெளிச்சமா? எனக்கு ஒப்பல. செம்பே இல்லாம ஒரு தடவ அடிச்சுப் பாப்போம்."

"அண்ணாச்சி, ப்ளீஸ். டைமே இல்லை" என்றாள் நித்யா.

அண்ணாச்சி திருப்புளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார். தலைவர் மூன்று சாய் குடித்துவிட்டு இறங்கி வந்து, சரி என்றார்.

வெறும் பிளாஸ்டிக்கை வைத்து அடித்தோம். நான் திரையைப் பார்த்தேன். செம்பு முன்பு போலவே ஜொலித்தது.

அண்ணாச்சி லேசர் பாயும் கலத்தைத் திறந்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். தகட்டைப் பிடிக்கும் தாங்கியில் அவரே மாட்டிய நான்கு பித்தளைத் திருகாணிகள். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. ஊர் முழுக்கச் சோதனை போட்டவர், தன் திருகாணியைச் சோதிக்கவில்லை.

சத்தமில்லாமல் மாற்றியிருக்கலாம். நித்யா அழுதுகொண்டிருந்தாள்.

"அழாத யம்மா. ஒன் கணக்குல தப்பில்ல. நானே வந்து சொல்லுதேன்."

குழு முன் சட்டையைப் பேன்ட்டுக்குள் செருகிக்கொண்டு நின்றார். "கல்தி மேரா. லடுக்கி அச்சா" என்றார்; தப்பு என்னுடையது, பெண் நல்ல பெண் என்று சொல்ல வந்தார். இந்தி இலக்கணம் அந்த இடத்திலேயே உயிர்விட்டது. குழு முதலில் திகைத்தது, பிறகு சிரித்தது, கடைசியில் ஆறு மாத அவகாசம் தந்தது.

அலுமினியத் திருகாணிகளோடு மறுபடி அடித்தோம். ஆழம் கூடக் கூட வெளிச்சம் மங்கியது. கடைசித் தகட்டில் ஒன்றுமே இல்லை.

"எல்லாம் போச்சு" என்றாள் நித்யா.

"என்னம்மா போச்சு?" தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அவ்வளவு தூரம் அதுகளால ஓட முடியலைன்னு அர்த்தம். எரிபொருள் ஜில்லுன்னு இருக்கும். நமக்கு வேண்டியதே அதுதான்!"

நித்யாவின் ஆய்வேடு அச்சாகி வந்தது. நன்றிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி தமிழில். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. 'அன்னாச்சிக்கு' என்று இரண்டு சுழியில் இருந்தது. திருத்த நான் பேனாவை எடுத்தேன்.

"விடுங்க சார். அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி கண்ணாடியைத் துடைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் திரும்புவதற்குள் அந்த நன்றிப் பக்கத்தை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன். போன் இரண்டு முறை மாறிவிட்டது. படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.