உரக்கடை அண்ணாச்சி பார்த்த பிலிப்பைன்ஸ்

ஊர் பார்த்தவர் என்றோர் இனம் உண்டு. நாலு நாள் போய்வந்ததற்கு நாற்பது வருஷம் பேசுவார்கள். உங்கள் தெருவில் ஒருவர் இல்லாமலா போய்விடுவார்? எங்கள் கோவில்பட்டிக்கு வாய்த்தவர் மாயகிருஷ்ணன் அண்ணாச்சி.

மூட்டை மூட்டையாக உரம் விற்றுத் தள்ளியதற்குப் பரிசாகக் கம்பெனிக்காரர்கள் அவரைச் சித்திரையில் பிலிப்பைன்ஸுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே மலைமேல் ஒரு சின்ன ஊர். படிப்படியாக நெல்வயல், கைக்கு எட்டும் உயரத்தில் மேகம். இப்போது ஐப்பசி. பேச்சு இன்னும் தீரவில்லை! டீ குடித்தால் "அங்கன மலையிலயே காப்பி விளையுதுல்லா" என்பார், கரண்ட் போனால் "அங்கன ஃபேனே தேவையில்ல, தெரியும்லா" என்பார், துஷ்டி வீட்டுக்குப் போனாலும் மாலையைப் போட்டுவிட்டு, "அங்கன பொணத்தப் பெட்டியில வச்சுப் பாறையில தொங்க விட்டுருதாவ" என்று அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வார். மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் அங்கே வாங்கிய கம்பளித் தொப்பி தலையை விட்டு இறங்காது. வேர்த்தால் வேர்க்கட்டும்.

போன வாரம் பிச்சையா கடைக்கு ஓடிவந்தார். நாலு ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம், குருத்துக்குள் படைப்புழு. கையில் சல்லடையாக அரிபட்ட ஒரு தோகை.

"அண்ணாச்சி, இன்னைக்கு மருந்தடிக்கலைன்னா மிச்சமும் போயிரும். நல்லதா ஒண்ணு குடுங்க."

அண்ணாச்சி தோகையை வாங்கிப் பார்த்தார். உடனே கண்ணில் மேகம் இறங்கிவிட்டது.

"பிச்சையா, அங்கன வயலப் பாக்கணுமே! வானத்துக்கு ஏணி சாத்துனாப்ல இருக்கும்!"

செல்போன் வெளியே வந்தது. வயலுக்கு முன்னால் அண்ணாச்சி. மேகத்துக்கு முன்னால் அண்ணாச்சி. மலையையே மறைத்துக்கொண்டு அண்ணாச்சி. பிச்சையாவோ, உரக்கடைக்காரர் பார்த்த வயலாச்சே, ஏதாவது வழி கிடைக்கும் என்று நம்பிவிட்டார், பாவம்.

"அங்கன புழு விழுந்தா அவிய என்ன செய்யுதாவ, அண்ணாச்சி?"

கேட்கிற கேள்வியா இது? அந்த ஊரில் புழு உண்டா, வயலுக்குச் சொந்தக்காரர் ஆணா பெண்ணா, வெள்ளாமை வீடு வந்து சேருமா, அண்ணாச்சிக்கு ஒரு மண்ணும் தெரியாது. படம் எடுக்க பஸ்ஸை விட்டு இறங்கினார், எடுத்ததும் ஏறிவிட்டார்.

"அது... அந்தக் குளிருல புழு எங்கய்யா வரும்?"

"அப்படி யாரும் சொன்னாவளா?"

"நா யாரயும் கேக்கலயே."

மலையூரைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான்.

பிச்சையா தோகையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். "சரி அண்ணாச்சி, நீங்க ஊருக்கு வந்த பெறகு வாரேன்" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைப் படியேறினார்.

என்ன, சிரிக்கிறீர்களா? நல்லாச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், கொடைக்கானலோ குற்றாலமோ, கடைசியாகப் போய்வந்த ஊரின் படங்களை உங்கள் செல்போனில் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். நீங்கள் மறைக்காத மலை ஒன்றாவது இருக்கிறதா?