உங்கள் நாற்காலியில் என் தந்தை

மதிப்பிற்குரிய காவல் ஆய்வாளரும், என் தங்கையை மணந்துகொண்டதால் எனக்கு மாப்பிள்ளையும் ஆகிய தங்களுக்கு,

இந்த இடத்தில் நலம் விசாரிப்பது வழக்கம். விசாரித்ததாகக் கொள்ளவும். என் புகார்கள் பின்வருமாறு:

1. மார்ச் 3: என் தந்தையும் தங்கள் மாமனாரும் பணி ஓய்வு பெற்ற தலைமைக் காவலருமான பெரியவர், காலை நடைக்குப் போன வழியில் தங்கள் நிலைய வாசலில் நின்று, காவலுக்கு இருந்த பெண் காவலரிடம், "தொப்பி எங்கம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் தொப்பியைத் தேடி அணிந்து சல்யூட் அடித்தார்.

2. மார்ச் 4: அந்த ஒரு சல்யூட்டை ஆதாரமாகக் கொண்டு, அவர் சாதாரண உடையில் சோதிக்க வந்த மேலதிகாரி என்று நிலையமே முடிவுசெய்து, தங்கள் நாற்காலியில் அவரை அமர்த்தியது. தாங்கள் அப்போது தொழில்முறை ஒழுங்கு பற்றிய பயிற்சி வகுப்பில் இருந்தீர்கள்.

3. மார்ச் 11: தந்தையைக் காணவில்லை என்று புகார் கொடுக்க வந்த நான், காணாமல் போனவராலேயே விசாரிக்கப்பட்டேன்.

4. மார்ச் 14: பயிற்சியிலிருந்து திரும்பிய தாங்கள், ஆள் யாரென்று தெரிந்தும் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பவில்லை.

இருபத்தாறு ஆண்டுகளாகக் கல்லூரியில் நிர்வாகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது தனிமனிதத் தவறு அன்று, தங்கள் துறையின் பண்பாடு. வேறெந்த அலுவலகத்திலும் முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்தால் யார் நீங்கள் என்று கேட்பார்கள். தங்கள் நிலையத்திலோ, அதட்டுகிறவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும், அதிகாரியை யாரென்று கேட்பவனுக்கு மாற்றல் நிச்சயம் என்பது எழுதாத விதி. தாங்கள் இங்கே மாற்றலாகி வந்து ஒரு மாதமே ஆகியிருந்ததால், தங்கள் மாமனாரின் முகமும் எவருக்கும் தெரியவில்லை. ஆகவே அவர் நூலகத்துக்குப் போவதாக எங்களிடம் சொல்லிவிட்டு, தினமும் வந்து நிலையத்தை நடத்தினார். புகார் கொடுக்க வந்தவரிடம் இளம் காவலர் ஒருவர் பயிற்சியில் சொன்னபடி, "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று தொடங்க, என் தந்தை உள்ளிருந்தபடியே, "உதவறதுக்கு இது என்ன துணிக்கடையா? என்ன திருடு போச்சு, எப்பப் போச்சு, அதைக் கேளு," என்றாராம். கழிவுநீர்க் குழாய்க்காகச் சண்டையிட்ட இரண்டு வீட்டுக்காரர்களை ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, ஒருவரோடொருவர் பேசும்வரை எழக்கூடாது என்றாராம். அவர்கள் மாலைவரை அவரைத் திட்டியே நண்பர்களாகிவிட்டார்கள். எந்தச் சட்டப் பிரிவின் கீழ் இது செய்யப்பட்டது என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தப்பட்ட மனிதர் அவர். குரலை உயர்த்தக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு.

இனி மூன்றாவது புகார். அன்று இருட்டிய பிறகும் அவர் வீடு திரும்பவில்லை. நூலகத்தில் விசாரித்தால், அப்படி ஒருவர் வந்ததே இல்லை என்றார்கள். நான் நிலையத்துக்கு ஓடிவந்தபோது, எழுத்தர் என்னைத் தங்கள் அறைக்கு அனுப்பினார். உள்ளே என் தந்தை. "அப்பா!" என்றேன். எழுத்தர் என் தோளைத் தட்டி, "சார், அதிகாரியை அப்பான்னு கூப்பிட்டு உருக்கறதெல்லாம் இங்க எடுபடாது. விஷயத்தைச் சொல்லுங்க," என்றார். என் தந்தை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அது அடையாளம் தெரியாத பார்வை அல்ல. நன்றாகத் தெரிந்த பார்வை.

"யாரைக் காணோம்?"

"அப்பாவை."

"கடைசியா அவர்கூட எப்பப் பேசினீங்க?"

"இன்று காலை."

"என்ன பேசினீங்க?"

"மாத்திரை போட்டாச்சா என்று கேட்டேன்."

"அது பேச்சு இல்ல, விசாரணை. பேசினது எப்ப?"

இது முற்றிலும் முறையற்ற கேள்வி. புகார்தாரரைக் குற்றவாளிபோல் நடத்துவது எந்த ஒழுங்கு விதியிலும் இல்லை. எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என் பதிலுக்காகக் காத்திருந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

தாங்கள் திரும்பியதும் எல்லாம் சரியாகும் என்று நம்பினேன். தொலைபேசியில் தாங்கள் சொன்னது இது:

"கோவிச்சுக்காதீங்க மச்சான். மாமா உக்காந்திருக்கார். எழுந்திருங்கன்னு எப்படிச் சொல்றது?"

"வாயால் சொல்லலாம்."

"நானே நின்னுக்கிட்டுத்தான் கையெழுத்துப் போடறேன். பெல்ட் தளர்வா இருக்குன்னு எனக்கே மெமோ கொடுத்துட்டார்."

"வாங்கிக்கொண்டீர்களா?"

"விளக்கமும் எழுதிக் கொடுத்துட்டேன், மச்சான்."

தாங்கள் செய்யத் தவறியதை நான் செய்தேன். பதினைந்தாம் தேதியிலிருந்து எங்கள் வீட்டு வாசல் கதவு பூட்டியிருக்கிறது, சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது. இனி அவர் தங்கள் நிலையப் படியேறினால் அனுமதிக்கக் கூடாது, அவர் எந்த அதிகாரியும் அல்லர் என்பதைக் காவலர் அனைவருக்கும் அறிவிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் உறுதிமொழி தேவை. அவருக்கு எழுத்தில் விளக்கம் தர முடிந்த தங்களால் எனக்கும் முடியும். மார்ச் 20, மாலை ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் தங்கள் உண்மையான மேலதிகாரிக்கு எழுதுவேன்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். தங்களுக்கு உரியதைப் பதில் கண்டபின் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
மார்ச் 18

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மூன்று நாட்களாக அப்பா கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை போட்டாச்சா என்றால் மட்டும் போட்டாச்சு என்கிறார். பாதித் தட்டு சோறு அப்படியே திரும்பி வருகிறது. சற்றுமுன் என் மனைவியிடம், "என் மேல என்ன வழக்கும்மா?" என்று கேட்டிருக்கிறார். அவள் என்னைக் கைகாட்டினாள். நான் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். என்ன வழக்கென்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை, மாப்பிள்ளை. எனவே மேலே கண்டவற்றில், தேதிகள் நீங்கலாக, அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். நாற்காலி கூடாது, அது முறையன்று. புகார் கொடுக்க வந்து காத்திருக்கிறவர்களோடு பேசிக்கொண்டிருக்க அவருக்கு நிலையப் பெஞ்சில் ஓர் ஓரம் போதும். அவர்களை அவர் அதட்டக் கூடாது. தங்களை அதட்டலாம், மிதமாக. மதியச் சாப்பாட்டை நானே கொண்டுவந்து, உடன் இருந்து சாப்பிடுவேன். அவர் சவரம் செய்துகொள்ள நேரம் வேண்டும் என்பதால், அவரை அழைத்துப்போக நாளைக் காலை தங்கள் ஜீப் எத்தனை மணிக்கு வரும் என்பதை, இதைக் கொண்டுவருபவரிடம் இன்றிரவு எட்டு மணிக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.