குறுஞ்சுருள் காப்போர் சங்கமும் ஒரு தேவாங்கும்

ஒரு காட்டில், கிளைக்கு ஒரு செல்போன் வந்துவிட்ட காலத்தில், படம் என்றால் அது சுவரில்தான் ஓட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற தேவாங்கு ஒருவன் இருந்தான். பெயர் தெய்வசிகாமணி. முகத்தில் பாதி கண். அந்தக் கண்ணைக் கடவுள் கொடுத்ததே படம் பார்க்கத்தான் என்பது அவன் முடிவு. கடவுளைக் கேட்டால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை.

அவன் பொந்தில் ஒரு சின்ன புரொஜெக்டர் இருந்தது. வனத்துறைக்காரர்கள் முகாமைக் காலி செய்தபோது விட்டுப்போன சோலார் தகடு ஒன்றில் அது ஓடியது. அதில் மாட்டுகிற ஃபிலிம் எட்டு மில்லிமீட்டர் அகலம்தான். அணிலுக்கு வாலில் ரிப்பனாகக் கட்டலாம். தியேட்டர் ஃபிலிம் வேறு, இது வீட்டுச் சுவருக்கென்றே செய்வது. டப்பாவுக்கு ஒரு சுருள், சுருளுக்குக் கால் மணி நேரப் படம். ஓடிக்கொண்டிருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. நடுவில் நின்றுபோனால் மட்டும் விளக்குச் சூட்டில் நின்ற இடம் பொசுங்கிவிடும். அதனால் படம் ஓடும்போது சிகாமணி தும்மலைக்கூட அடக்கிக்கொள்வான்.

இந்தச் சுருளைப் புதிதாகச் செய்து தருகிறவள் அந்த வட்டாரத்திலேயே ஒருத்திதான் மிச்சம். ஆலமரத்துச் சிலந்தி நூலம்மாள். பழைய படங்களைத் தேடிப் பிடித்து, தானே நூற்ற நாடாவில் கட்டம் கட்டமாகப் பிரதி எடுத்து, டப்பாவில் போட்டு, தன் பசையாலேயே சீல் வைத்து அனுப்புவாள். கால் எட்டு இருந்தாலும் வலிக்கிற முதுகு ஒன்றுதானே என்று அலுத்துக்கொள்வாள். அவளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நாற்பது டப்பாவுக்கு ஆள் சேர்ந்தால்தான் மை கலக்குவாள். சேராவிட்டால் தொழிலை மூட்டை கட்டிவிட்டு, மற்ற சிலந்திகளைப் போல ஒரு மூலையில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கப் போய்விடுவாள்.

அந்த நாற்பதைச் சேர்ப்பதற்காகப் பிறந்ததுதான் குறுஞ்சுருள் காப்போர் சங்கம். செயலாளர் நரி கோமதிநாயகம். சந்தா, டப்பாவுக்கு ஒரு கூடை ஈசல். கரடிக்கும் மயிலுக்கும் ஈசல் ஒரு பொருட்டே இல்லை, புற்றைத் தட்டினால் கொட்டும். சிகாமணிக்கு அதுதான் சாப்பாடு. ஒவ்வொரு டப்பாவுக்கும் அவன் பல நாள் வயிற்றைக் கட்டினான். காலி வயிற்றோடு பார்த்தால் படம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொள்வான்.

சங்கத்தில் அவனைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் பெரிய ஆர்வலர்கள். கரடி சங்கிலிமுத்து ஒவ்வொரு படத்திலும் மூன்று டப்பா வாங்குவார். ஒன்று வைத்துக்கொள்ள, ஒன்று அது தொலைந்தால் வைத்துக்கொள்ள, மூன்றாவது வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்ட. காட்டுவது என்றால் டப்பாவை. எல்லாரையும் போல அவரிடம் புரொஜெக்டரும் இருந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள், மாலை போட்டு. மயில் அலங்காரவல்லி டப்பாக்களைத் தன் தோகை நிறத்துக்குப் பொருத்தமாக அடுக்கி, படம் எடுத்து, செல்போன் குழுவில் போடுவார். உடனே நாற்பது வாழ்த்து வரும். சீலை உடைப்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டார்கள். நல்ல குடும்பங்களில் சில விஷயங்களைப் பேசுவதில்லை அல்லவா, அப்படி.

அந்த வருஷம் வெளியீடு ஒரு தவளை நகைச்சுவைப் படம். டப்பாக்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் காகம், சிகாமணியின் டப்பாவையும் பக்கத்துப் பாறையில் குடியிருக்கும் கரடியின் டப்பாவையும் மாற்றிக் கொடுத்துவிட்டது. சிகாமணி அதைக் கவனிக்கவில்லை. வழக்கம்போல வாசலை இலையால் அடைத்து இருட்டாக்கிவிட்டுச் சுருளை மாட்டினான். சுவரில் வெளிச்சம் விழுந்தது. வெளிச்சம் மட்டும்தான். லென்ஸைத் துடைத்தான். தன் கண்ணைத் துடைத்தான். சுருளை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தான். முதலிலிருந்து கடைசிவரை வெறும் நாடா. ஒரு தவளையின் நிழல்கூட இல்லை.

டப்பாவை இடுக்கிக்கொண்டு நேரே ஆலமரத்துக்குப் போனான். நூலம்மாள் மூடியில் எழுதியிருந்த பெயரைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள்.

"இது சங்கிலிமுத்துக்குப் போக வேண்டியது. அந்தக் காக்காய்க்கு எத்தனை தடவை சொன்னாலும் புத்தி வராது."

"யாருக்குப் போனா என்னக்கா? உள்ள படமே இல்லையே."

அவள் மறைக்கவில்லை. அஞ்சாறு வெளியீட்டுக்கு முன்னால் ஒருநாள் மைச்சட்டி கவிழ்ந்துவிட்டதாம். வாக்குக் கொடுத்த தேதி நெருங்கிவிட்டது. பாதி டப்பாக்களில் வெறும் நாடாவைச் சுற்றி அனுப்பிவிட்டு, ஊரே திரண்டு வந்து தன் வலையைப் பிய்க்கப் போகிறது என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். யாரும் வரவில்லை. வந்தது செயலாளரின் பாராட்டு. இந்த முறை தரம் ஒரு படி மேலே என்று கோமதிநாயகம் சொல்லியனுப்பியிருந்தார். அதற்கப்புறம் அவள் யாருக்காக முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டும்?

"உனக்கு மட்டும் நிஜமாத்தான் அனுப்புறேன் தம்பி," என்றாள். "ஓரத்து ஓட்டை கிழிஞ்சிருக்கு, நடுவுல சத்தம் நிக்குதுன்னு நீ ஒருத்தன்தான் சண்டைக்கு வருவே. அப்ப நீதானே பாக்குறவன்."

சிகாமணிக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இது மோசடி இல்லையா என்று மெதுவாகக் கேட்டான்.

"அவங்க கேட்டது டப்பா, குடுத்துட்டேன். அவங்க குடுக்குற ஈசல்லதான் உனக்கு ஒரு படம் தயாராகுது. வெளிய சொன்னா சங்கம் கலையும், நான் பூச்சி பிடிக்கப் போவேன், நீ சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பே. யோசிச்சுச் செய்."

சிகாமணி யோசித்தான். நாற்பது பேரை ஏமாற்றுவது தப்புதான். ஆனால் ஏமாந்தவர்கள் நாற்பது பேரும் சந்தோஷமாக இருக்கிறார்களே. உண்மையைச் சொன்னால் அவர்கள் சந்தோஷமும் போய், தன் படமும் போய், பாவம் நூலம்மாள் பிழைப்பும் போய்விடும். எவ்வளவு கருணை இருந்தால் ஒருவன் பொய்யை இப்படிக் கட்டிக் காப்பான் என்று அவனுக்கே கண் கலங்கியது. அந்தக் கண்ணுக்குக் கலங்குவது பெரிய வேலை. அவள் அங்கேயே டப்பாவுக்குப் புது சீல் வைத்துக் கொடுத்தாள். அதைக் கொண்டுபோய்க் கரடியிடம் மாற்றிக்கொண்டான். சங்கிலிமுத்து சீலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, காகம் கொடுத்ததைவிட இது சுத்தமாக இருக்கிறது என்று நன்றி சொன்னார்.

அப்புறம் பொந்தில் படம் ஓடியது. குண்டுத் தவளை ஒருவர் தாமரை இலையிலிருந்து மூன்று முறை வழுக்கி விழுகிறார். மூன்றாவது முறை விழுந்து எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் நம்மைப் பார்த்து, மீசை இல்லாத இடத்தில் மீசையைத் தடவிக்கொள்கிறார். சிகாமணி அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்ப ஓட்டினான். பசி, மோசடி, கருணை எல்லாம் மறந்துபோயிற்று. அவனுடைய வாழ்க்கையில் அந்த மீசைக்கு இணையாக வேறு எதுவும் இல்லை.

இப்படியே காலம் ஓடியிருக்கலாம். ஆனால் சங்கத்துக்கு ஆண்டுவிழா வந்துவிட்டது. உறுப்பினர்கள் எல்லாரும் டப்பாக்களோடு ஒரு குகையில் கூடினார்கள். பக்கத்துக் காட்டுப் பத்திரிகையிலிருந்து ஒரு கொக்கு விழாவைப் பற்றி எழுத வந்தது. கழுத்தை நீட்டி எல்லா டப்பாவையும் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதையும் கொஞ்சம் ஓட்டிக் காட்ட முடியுமா என்று கேட்டது. பத்திரிகைக்காரர்களுக்கு இப்படி அசிங்கமாகக் கேட்கிற வழக்கம் உண்டு.

செயலாளர் தாராளமாகச் சம்மதித்துவிட்டு, யாருடைய டப்பாவை ஓட்டலாம் என்று சபையைப் பார்த்தார். சபை குகையின் கூரையைப் பார்த்தது. கரடிக்குத் திடீரென்று காதில் ஏதோ புகுந்துவிட்டது. மயிலுக்கு ஓர் இறகு சரியாக இல்லை. கடைசியில் எல்லாருடைய பார்வையும் சிகாமணிமேல் வந்து நின்றது. அவன் சீலை உடைக்கிறவன் என்பது காட்டுக்கே தெரியும். வீட்டில் குடிக்கிறவனைத் தெரிந்து வைத்திருப்பதுபோல் தெரிந்து வைத்திருந்தார்கள்.

மறுக்க வழியில்லை. அவன் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்து குகைச் சுவரில் படத்தை ஓட்டினான். தவளை முதல் தடவை விழுந்தபோது சபை அதிர்ச்சியில் அசையவில்லை. டப்பாவுக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று அவர்களுக்குத் திகைப்பு. இரண்டாவது தடவை மயில் அகவிவிட்டது. சங்கிலிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார். கொக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு ஒற்றைக்காலில் நின்று சிரித்தது. சிகாமணிக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. தனியாகச் சிரித்தே பழகியவனுக்கு, நாற்பது பேர் கூடச் சிரிக்கும்போது அதே தவளை இன்னும் அழகாகத் தெரிந்தது. இவர்களைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று உருகினான்.

அப்போதுதான் இருட்டில் கரடியின் குரல் கேட்டது.

"வீட்டுக்குப் போனதும் என்னோடதையும் பிரிச்சு ஓட்டிப் பாக்கணும்யா."

நானும், நானும் என்று குகை முழுக்கக் குரல்கள். செயலாளர்கூட, ஒரு டப்பாவையாவது பிரித்தால் என்ன என்றார். சிகாமணி கணக்குப் போட்டான். பொழுது சாய்வதற்குள் நாற்பது டப்பாவும் பிரிந்துவிடும். நாற்பது வீட்டுச் சுவரிலும் வெறும் வெளிச்சம் விழும். விடிந்தால் நூலம்மாளும் இல்லை, படமும் இல்லை.

சுவரில் தவளை மூன்றாவது தடவை இலையில் ஏறிக்கொண்டிருந்தது. வழுக்கியது. விழுந்தது. எழுந்து சபையைப் பார்த்தது. கை மெதுவாக உதட்டுக்கு மேலே போயிற்று.

சிகாமணி சக்கரத்தில் விரலை வைத்து நிறுத்தினான்.

தவளை மீசையில் கை வைத்தபடி நின்றது. நெற்றியில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றியது. புள்ளி விரிந்தது. மீசை இருக்க வேண்டிய இடம், கை, முகம், இலை என்று எல்லாம் குமிழிவிட்டு உருகியது. குகை முழுக்கப் பொசுங்கிய நாற்றம். சிகாமணி விரலை எடுக்கவில்லை. அடுத்த கட்டத்தையும் நகர்த்தி நிறுத்தினான், அதற்கு அடுத்ததையும். அழுதுகொண்டேதான் செய்தான். ஒளிவீசும் அந்தப் பெரிய கண்களிலிருந்து தண்ணீர் வழிவதைச் சபை முழுவதும் பார்த்தது.

"ஓட்டினா இப்படித்தான் ஆகும்," என்றான்.

அலங்காரவல்லி தன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். சங்கிலிமுத்து மூன்றையும் அணைத்துக்கொண்டார். கைகள் அதற்காகவே படைக்கப்பட்டவை என்பதுபோல் இருந்தது. சங்கம் தப்பித்துவிட்டது என்று சிகாமணி நினைத்தான். சங்கம் தப்பித்தது என்னவோ உண்மைதான்.

கோமதிநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். இன்று நாம் கண்ணால் கண்டது ஒரு கொலை என்றார். குறுஞ்சுருள் ஏன் அழிந்து வருகிறது என்று இத்தனை வருஷமாகக் கேட்டோம், விடை நமக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது என்றார். பார்க்கிற உறுப்பினர் ஒருவர் இருக்கும்வரை எந்தச் சுருளுக்கும் பாதுகாப்பில்லை என்று கரடி வழிமொழிந்தார். சிகாமணியைச் சங்கத்திலிருந்து நீக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பிரியும் முன், அவனால் ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட, அடுத்த படத்தில் ஆளுக்கு இரண்டு டப்பா கூடுதலாக வாங்குவது என்றும் முடிவாயிற்று. கொக்கு அதை உருக்கமாக எழுதியது. அதைப் படித்துவிட்டு ஏழு காடுகளிலிருந்து புது உறுப்பினர்கள் சேர்ந்தார்கள்.

சிகாமணி பல நாள் பட்டினி கிடந்து ஒரு கூடை ஈசல் சேர்த்தான். சங்கம் இல்லாவிட்டால் என்ன, நேரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று ஆலமரத்துக்குப் போனான். மரத்தைச் சுற்றிக் கூடை கூடையாக ஈசல். பத்துப் பதினைந்து குட்டிச் சிலந்திகள் டப்பாவுக்குச் சீல் வைத்துக்கொண்டிருந்தன. நூலம்மாள் முன்பைவிடக் கொஞ்சம் பருத்திருந்தாள். முதுகு வலி போய்விட்டதாம். மைச்சட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு அவன் கையில் இருந்த கூடையைப் பார்த்தாள், அப்புறம் தான் உட்கார்ந்திருந்த சட்டியைப் பார்த்தாள்.

"உன் ஒருத்தனுக்காக மை கலக்கணுமேப்பா," என்றாள். "இப்ப எனக்கு ஏது நேரம்?"

நீதி: ஒரு கலையைக் காப்பாற்ற நாற்பது ஆர்வலர்கள் போதும், ரசிகன் ஒருவன் நடுவில் புகுந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.