பத்மநாதன் படகைக் கரையேற்றினார்

"இண்டைக்குத் தூக்க ஏலாது அங்கிள். உங்களுக்கு முன்னால பதினாலு படகு நிக்குது," என்றாள் றொசானா, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குளிர்காலத்துக்குப் படகுகளை ஆற்றிலிருந்து கரைக்குத் தூக்கிவைக்கும் கிரேனுக்கு, எட்மண்டன் படகுத்துறையில் நாள் குறிப்பவள் அவள்தான்.

"அப்ப எப்ப பிள்ளை?"

"வாற வியாழன்."

அன்றிரவு உறைபனி. எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்தால் எஞ்சின் வெடித்துப் பிளந்துவிடும். படகு வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் பத்மநாதன் சோர்ந்துபோகிற ஆளா? துறைமேடைக்கு ஓட்டமாக வந்தார்.

"தவம், ஏறு! குளிருக்கான வேலையை நாங்களே செய்வம். வீடியோ இருக்கு!"

"கவிழாதே?" என்று கேட்டபடியே மனைவி தவநாயகி ஏறினாள்.

வீடியோவில் முதல் வேலை, பேட்டரியைக் கழற்றுவது. கழற்றிக் காரில் வைத்தார். இரண்டாவது, பின்பக்கத்தின் அடியில் இருக்கும் அடைப்பைத் திருகி எடுத்து, தேங்கிய தண்ணீரை வடிய விடுவது. எடுத்தார்.

"இஞ்சருங்கோ, தண்ணி கூடுதே!"

"அது மழைத்தண்ணி. இப்ப வடிஞ்சிடும்."

கணுக்கால் நனைந்த பிறகுதான், வீடியோவில் இருந்த படகு தரையில் நின்றது அவருக்கு உறைத்தது. பதறி அடைப்பைப் பூட்டப் போனார். ஈரக்கை. அது வழுக்கி ஆற்றுக்குள் விழுந்தது.

"விட்டிட்டியளே!"

"பம்பைப் போடு!"

தவநாயகி சுவிட்சைத் தட்டினாள். பம்ப் மூச்சே விடவில்லை. பேட்டரிதான் காரில் இருக்கிறதே.

"தேசிக்காய் எங்க?"

கண்பட்டுவிடாமல் படகுக்கு நாவூறு கழிக்க அவள் கொண்டுவந்த எலுமிச்சங்காய். பாதியாக வெட்டி ஓட்டைக்குள் திணித்தார். தண்ணீர் நின்றது!

"பாத்தியே? மூளை!"

இன்னும் இறுகட்டும் என்று குதிக்காலால் ஓர் இடி இடித்தார். தேசிக்காய் ஆற்றுக்குப் போனது. ஓட்டையைச் சுற்றியிருந்த பித்தளை வளையமும் துணைக்குப் போனது.

"ஐயோ, தாழுறமே!"

தவநாயகியின் குரலுக்குத் துறையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஹோர்ன் அடித்துக்கொண்டு கிரேன் வந்தது. துறைப் பணியாளர்கள் இருவரையும் மேடைக்கு இழுத்துவிட்டு, படகுக்கு அடியில் பட்டிகளைப் போட்டுத் தூக்கினார்கள். ஓட்டை வழியே தண்ணீர் கொட்டக் கொட்ட, பத்தே நிமிடத்தில் படகு கரையில் குந்தியிருந்தது.

முழங்கால்வரை நனைந்த பத்மநாதன் அலுவலகத்துக்குள் தலைகுனிந்து நுழைந்தார்.

"மன்னிச்சுக்கொள் பிள்ளை. உன்ர வரிசையைக் குழப்பிப்போட்டன்."

"பரவாயில்லை அங்கிள். தாழுற படகைத்தான் முதல்ல தூக்கவேணும், அது இஞ்சத்தை சட்டம். இந்தக் கிழமை நீங்கள் ஐஞ்சாவது ஆள்," என்ற றொசானா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா, அடுத்த வருசம் மற்ற ஆக்களைப்போல கிரேனுக்குக் கிட்ட கொண்டுவந்து கட்டிப்போட்டு அடைப்பைக் கழட்டுங்கோ."