ரெண்டு நிமிஷம் பாத்துக்குங்க

“ரெண்டே நிமிஷம் சார், மேசையைக் கொஞ்சம் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போன ஆள், போய் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

லயனல் பிக்கர்ஸ்கில் அந்த மேசையோரம் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பன்னிரண்டடி நீள மேசை. அதன்மேல் ஒரு குன்று, ஓர் ஆறு, ஆற்றுக்குக் குறுக்கே அட்டைப் பாலம், கட்டைவிரல் உயரத்தில் ஆயிரத்துச் சொச்சம் சிப்பாய்கள். லீட்ஸ் நகரத்தில் வருடா வருடம் நடக்கும் பொம்மைப் போர்க் கண்காட்சியில் இப்படி எண்பது மேசைகள் இருந்தன. அதில் ஒன்றுகூட லயனலுடையது இல்லை. அவர் சும்மா நடந்துபோனவர்.

சும்மா என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டில் அவருடைய பிரஷ்யப் படையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், தளபதிதான் இல்லை. வெள்ளைக் குதிரையில் வாளை ஓங்கி நிற்கும் அந்தத் தளபதியை வார்த்த கம்பெனியை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். ஆகவே இருபத்தாறு வருடமாக அந்தப் படையை ஒரு ரொட்டி வண்டிக்காரன் பொம்மைதான் நடத்திவந்தது. கிளப்பில் லயனலுக்குப் பெயரே ‘பேக்கரிக்காரர்’. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனசு வலிக்கும்.

இன்று காலை, கண்காட்சிக்குள்ளேயே பழைய பொம்மைகளை விற்கும் கைமாற்றுக் கடையின் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. பதினேழாவது வரியில் தளபதி. ஒன்றே ஒன்று. கடை திறப்பது பன்னிரண்டு மணிக்கு, முந்திக்கொண்டவருக்கே பொருள். இப்போது மணி பதினொன்றே முக்கால்.

மேசையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கலாம்தான். ஆனால் ‘சரி’ என்று சொல்லித் தொலைத்துவிட்டாரே. லயனல் மாதிரி யார்க்‌ஷயர்க்காரர் ஒருமுறை சரி என்று சொன்னால் அதோடு அவர் கதை முடிந்தது.

போதாக்குறைக்கு ஒரு தடியன் திரும்பிய வேகத்தில் அவன் முதுகுப்பை பதினான்கு குதிரை வீரர்களைச் சாய்த்துவிட்டது. லயனல் பதறிப்போய் அவர்களை எடுத்து நிறுத்தினார்.

“அந்தக் குதிரைங்க ஆத்துக்கு இந்தப் பக்கம் இருக்கக் கூடாதே” என்றார் ஒரு தாடிக்காரர்.

லயனல் அவற்றை அந்தப் பக்கம் மாற்றினார். உடனே பூதக்கண்ணாடியோடு குனிந்த இன்னொருவர், அது எதிரியின் முகாம் என்றும், சட்டைப் பொத்தானைப் பார்த்தாலே தெரியுமே என்றும் வருத்தப்பட்டார். யார் மனசும் நோக வேண்டாம் என்று லயனல் குதிரைகளைப் பாலத்தின் நடுவில் நிறுத்தினார். பாலம் ஒரு முனகலோடு உட்கார்ந்தது. பதினான்கு பேரும் ஆற்றில் விழுந்தார்கள். அதை மறைக்கக் குன்றின் மேலிருந்த மரங்களைப் பிடுங்கி அவர்கள்மேல் வைத்தார்.

“ஆத்து நடுவுல எதுக்கு சார் காடு?” என்று தாடிக்காரர் கேட்டார்.

“வெள்ளம்” என்றார் லயனல்.

இதைக் கேட்டுப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, வெள்ளம் வந்தது எந்த மாதம் என்றார். லயனல் வாய்க்கு வந்த ஒரு மாதத்தைச் சொன்னார். அவர் அதைக் கோடிட்டு எழுதிக்கொண்டார்.

மணி பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிஷம். பச்சை ஸ்வெட்டரும் தோளில் துணிப்பையுமாக, அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வேகமாக வந்தவர், ஆற்றில் முளைத்த காட்டைப் பார்த்து ஒரு கணம் நின்றார். புருஷனைத் தேடி வந்தவர் போலிருக்கிறது என்று லயனல் முடிவு கட்டிவிட்டார்.

“அம்மா, ரெண்டே நிமிஷம், இந்த மேசையைக் கொஞ்சம் பாத்துக்குங்க.”

அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். “இல்லப்பா, எனக்கு...”

“பாத்ரூம்மா, ரொம்ப அவசரம்.”

அதற்கு மேல் எந்த நாகரிகமான மனுஷிதான் மறுப்பார்? “சரி, போயிட்டு வா” என்றார். லயனல் பறந்தார்.

கைமாற்றுக் கடை வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். வரிசையின் தலையில் நின்றவரைப் பார்த்ததும் லயனலுக்கு ரத்தம் கொதித்தது. மேசைக்காரர் டெஸ்மண்ட். ‘ரெண்டே நிமிஷம்’ சொன்ன அதே புண்ணியவான்.

“மேசைகிட்ட யாரு?” என்று டெஸ்மண்ட் முந்திக்கொண்டு கேட்டார்.

“நம்பகமான ஒரு அம்மா.”

யோக்கியதையில் இருவரும் ஒரே தட்டு என்பது இருவருக்கும் புரிந்தது. டெஸ்மண்டுக்கு வேண்டியது இரண்டு பீரங்கி மட்டுமே. ஆகவே ஓரடி பின்னால் நகர்ந்து லயனலுக்கு இடம் விட்டார். முதல் இடம். லயனலுக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

பன்னிரண்டு அடித்தது. கடை திறக்கவில்லை. பன்னிரண்டே கால் ஆயிற்று, பன்னிரண்டரையும் ஆயிற்று. சாவி வைத்திருக்கிறவர் இன்னும் வரவில்லையாம். வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. எல்லோருக்கும் மேலே கேட்டது லயனலின் குரல்தான்.

“பொறுப்புன்னு ஒண்ணு வேணாமா? நாப்பது பேரை நிக்க வெச்சுட்டு எங்கியோ வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறதா?”

இவ்வளவு நன்றாகப் பேசுகிறவரே கண்காட்சி ஆபீசில் போய்ப் புகார் கொடுக்கட்டும் என்று வரிசை ஏகமனதாகத் தீர்மானித்தது. இடத்தைப் பிடித்து வைப்பதாகவும் வாக்குக் கொடுத்தது. துணைக்கு டெஸ்மண்ட். போகிற வழியில் மேசை.

மரங்கள் குன்றுக்குத் திரும்பியிருந்தன. பாலம் ஒரு கொண்டை ஊசியின் தயவில் நிமிர்ந்து நின்றது. துடைத்து வைத்த குதிரைகள் அந்தந்த இடத்தில் இருந்தன. இருபது பேர் கேள்வி கேட்க, பச்சை ஸ்வெட்டர் அம்மாள் தொண்டை கட்டப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். டெஸ்மண்ட் பெருமூச்சு விட்டார்.

லயனல் தலைவர் தோரணையில் நெருங்கினார். “இன்னும் ரெண்டே நிமிஷம்மா. கைமாற்றுக் கடையில ஒரு அநியாயம் நடக்குது. ஆபீசுக்குப் போய் ஒரு புகார் குடுத்துட்டு வந்துடறோம்.”

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“இனிமே அரை நிமிஷம்கூட முடியாது தம்பி. சரின்னு சொல்லித் தொலைச்சுட்டமேன்னு இவ்வளவு நேரம் நின்னதே பெரிசு. ரெண்டு பேருல ஒருத்தர் மேசையைப் பாத்துக்குங்க, எனக்கு வழிய விடுங்க. அந்தக் கடையோட சாவி என் பையிலதான் இருக்கு.”