பெற்றோர் கையொப்பம்

படிவத்தின் கடைசி வரியைச் சிவனணைந்தபெருமாள் எழுத்துக்கூட்டி மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் அது ‘பெற்றோர் கையொப்பம்’ என்றே இருந்தது.

“மாஸ்டர், எனக்கு வயசு அம்பத்தினாலு.”

“தெரியும் அண்ணாச்சி” என்றாள் சத்யபிரியா. “ஆனா கட்டம் காலியா இருந்தா ஒங்கள உள்ள விட மாட்டாங்க.”

கராத்தே மாஸ்டர் சத்யபிரியாவுக்கு முப்பத்தைந்து வயது. தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்து மொட்டைமாடியில் சாயங்கால வகுப்பு நடத்துகிறாள். மாணவர்கள் முப்பத்தோரு பேர். முப்பது பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மிச்சம் ஒருவர் அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிற பெருமாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மகளைச் சேர்த்துவிட வந்தவர் அவர். மகளுக்கு மூன்றாம் மாதமே அலுத்துவிட்டது. இவருக்கு அலுக்கவில்லை. பகலெல்லாம் மூட்டைக்குக் குனிந்த முதுகு அந்த மொட்டைமாடியில் நின்றால்தான் நிமிர்ந்தது. பிள்ளைகள் ஆறு மாதத்தில் தாண்டுகிற பெல்ட்டை இவர் ஒன்றரை வருஷத்தில் தாண்டினார். கூடச் சேர்ந்தவர்கள் காலேஜ் முடித்து வேலைக்கே போய்விட்டார்கள். காய்ச்சலோ மழையோ, ஒரு நாள் மட்டம் கிடையாது. மகள் கல்யாணத்தன்று மட்டும் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினார். அதற்கும் மாஸ்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டார்.

இப்போது கறுப்பு பெல்ட் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில். சோதிக்க வருகிற பெரிய மாஸ்டர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் இந்தப் பக்கம் தலைகாட்டுவார். போன முறை ஒரு பையனுக்குப் பல் போய், அவன் அம்மா அவரை நடுரோட்டில் நிறுத்திக் கேள்வி கேட்டுவிட்டாளாம். அதிலிருந்து இந்தக் கட்டம். அம்பத்தினாலு வயதிலும் ஒருவன் வந்து நிற்பான் என்று படிவம் அடித்தவனுக்குத் தோன்றவில்லை. பெருமாளுக்கு அதுதான் ஆத்திரம். நூறு கிலோ மூட்டையைத் தனியாளாக முதுகில் ஏற்றுகிறவனுக்குக் காலைத் தூக்க அப்பன் அனுமதி வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து மனைவி பேராச்சியிடம் நீட்டினார். அவள் பத்தாவது வரை படித்தவள். படிவத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்து, கையெழுத்துப் போட்டு, உறவுமுறை என்ற இடத்தில் ‘மனைவி’ என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். மறுநாள் சத்யபிரியா அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். பாதுகாவலர் என்றாவது போட்டிருக்கலாமே, இனி கைவசம் இருப்பது ஒரே ஒரு படிவம் என்றாள்.

பேராச்சி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒங்களக் காவல் காக்கதுக்கா என்னயக் கெட்டிக் குடுத்தாவ? ஒங்க அப்பாதான் குத்துக்கல்லு மாதிரி இருக்காவள்ளா. அவியள்ட்டப் போயிக் கேளுங்க.”

இருக்கிறார்தான். சங்கரலிங்கம், எண்பத்திரண்டு வயது, சிவகிரியில் பெருமாளின் அக்கா சங்கரம்மாள் வீட்டில். ஆனால் பதினோரு வருஷமாக அவரிடம் கராத்தே என்று பெருமாள் மூச்சு விட்டதில்லை. மூட்டை தூக்கிய அசதியில் மகன் சாயங்காலம் படுத்துவிடுவான் என்று கிழவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மண்டிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினார். சங்கதியைக் கேட்டதும் கிழவர் கேட்ட முதல் கேள்வி, யாரை அடிக்கப் போகிறாய் என்பது. யாரையும் இல்லை என்றார் பெருமாள். அப்படியானால் எதற்குப் படிக்கிறாய் என்றார் கிழவர். பதினோரு வருஷமாகப் படித்து ஒருவனைக்கூட அடிக்கவில்லை என்றால் சொல்லிக்கொடுப்பவர் சரியில்லை என்று பக்கத்து வீட்டுக்காரனும் அபிப்பிராயம் சொன்னான்.

“எங்க, செஞ்சு காட்டு பாப்போம்” என்றார் கிழவர்.

ரோஷத்தில் பெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். முதல் பன்னிரண்டு அடியும் சுத்தமாக வந்தன. பதின்மூன்றாவது உதை துணிக்கொடியில் மாட்டியது. அக்காவின் ஆறு சேலையும் சேற்றில் விழுந்தன. சங்கரம்மாள் வாயைத் திறந்தாள், தெருவே கூடிவிட்டது. மாமியாரிடம்கூட வாங்கியிராத ஏச்சைப் பெருமாள் அன்று அக்காவிடம் வாங்கினார். ஆறு சேலையையும் துவைத்துப் பிழிந்து காயப்போட்ட பிறகுதான் பேச்சு படிவத்துக்குத் திரும்பியது.

கிழவருக்குக் கைநாட்டுதான். மை தடவிய பெருவிரலைப் படிவத்துக்கு ஒரு சாண் மேலே நிறுத்திக்கொண்டு நிபந்தனை போட்டார்.

“காயம் பட்டா நாந்தான் பொறுப்புன்னு எழுதிருக்குன்னு சொல்லுத. அப்போ நானும் வருவேன். பாக்காத காரியத்துக்கு நான் பொறுப்பு ஏக்க மாட்டேன்.”

பெருமாள் எவ்வளவோ கெஞ்சினார். சாரல் சீசன், குற்றாலத்தில் கூட்டம் நெரியும், உட்கார இடம் இருக்காது என்றார். விரல் இறங்கவில்லை. கடைசியில் சரி என்றார். விரல் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குற்றாலம் பஸ்ஸில் எல்லாரும் தோளில் துண்டும் தலையில் எண்ணெயுமாக இருக்க, பெருமாள் வெள்ளை உடுப்பில் விறைப்பாக நின்றார். சாப்பாட்டுத் தூக்குடன் அக்காவும் கம்புடன் அப்பாவும் கூட வந்தார்கள். வெள்ளை உடுப்பைப் பார்த்து, ஆஸ்பத்திரி வேலையா, சமையல் வேலையா என்று கண்டக்டர் விசாரித்தார்.

தேர்வு நடக்கிற மண்டபத்தில் பெற்றோருக்கென்று நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்திருந்தது இவர் அப்பாவும் அக்காவும் மட்டும்தான். பிள்ளைகளைச் சத்யபிரியா வேனில் கூட்டி வந்திருந்தாள். பெருமாளுக்கு அங்கேயும் ஆத்திரம் வந்தது. பெற்ற பிள்ளை கறுப்பு பெல்ட் வாங்குகிறதைப் பார்க்க ஒரு அப்பனுக்காவது அக்கறை இருக்கிறதா, கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பிவிட்டார்களே என்று பொருமினார்.

பெரிய மாஸ்டர் ஒலிபெருக்கியில் விதியைச் சொன்னார். தேர்வுக்கு விரித்திருக்கிற பாயில் பெற்றோர் யாரும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த மாணவர் தேர்விலிருந்து நீக்கப்படுவார்.

பெருமாள் அன்று நன்றாகவே செய்தார். உதை தோளுக்கு மேலே போனது. குரல் சுவரில் இடித்துத் திரும்பியது. பெரிய மாஸ்டர் இரண்டு தரம் தலையசைத்தார். இனி பாக்கி மோதல் மட்டும். எதிரே வள்ளியூர்க்காரக் காலேஜ் பையன் ஒருவன். பெருமாள் அவனை இரண்டு புள்ளி முந்திவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் போதும்.

அப்போது பையனின் கால் பெருமாளின் விலாவில் பட்டது. பட்டது என்பதைவிட உரசியது என்று சொல்லலாம்.

“ஏலே, எம்மவன எதுக்குலே சவட்டுத?”

கிழவர் கம்புடன் பாயின் நடுவில் நின்றார். பையன் சுவர் வரைக்கும் ஓடிவிட்டான். பெரிய மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுக்க, நான் பொறுப்பு ஏற்றுக் கைநாட்டு வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் எடுத்துப் பாரும் என்று கிழவர் அவரையும் அதட்டினார். எடுத்துப் பார்த்தார்கள். வைத்திருந்தார். நீக்கிவிட்டார்கள்.

சத்யபிரியா எவ்வளவோ மன்றாடினாள். விதி விதிதான் என்றுவிட்டார் பெரிய மாஸ்டர்.

பெருமாள் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். சாரல் முகத்தில் அடித்தது. உள்ளே அப்பா பெரிய மாஸ்டருக்கு இன்னும் புத்தி சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. மூன்று வருஷம் கழித்து அம்பத்தேழு வயது ஆகும். விலா எலும்பு இப்படியே இருக்குமா தெரியாது. ஆனாலும் நாளைச் சாயங்காலம் வகுப்பு உண்டா என்று, ஆறுதல் சொல்ல வந்த சத்யபிரியாவிடம் கேட்டார். உண்டு என்றாள். வந்துவிடுகிறேன் என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஸ்ரீதேவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வகுப்பில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளை. மாஸ்டர் கூப்பிடுகிறதைப் பார்த்து அவளும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். இடுப்பில் புதுக் கறுப்பு பெல்ட் மடிப்புக் கலையாமல் இருந்தது. இந்தக் காலத்துத் தகப்பன்மாரைப் பற்றி அவளிடம் குமுறித் தீர்த்தார் பெருமாள். ஒரு கையெழுத்துக்காகத் தான் பட்ட பாட்டையெல்லாம், சேலை துவைத்தது உட்பட, ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா முடிஞ்சிருக்கும்லா அண்ணாச்சி? நம்ம வகுப்புல எல்லாருக்கும் அப்பா கையெழுத்து நாந்தான போட்டேன்.”