வெயில் படாத எண்ணெய்

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்த அபூதாஹிரின் மடியில் சுடு தேத்தண்ணி கொட்டியது. மனைவி றுக்கியா கோப்பையை மேசைக்கு ஒரு சாண் இப்பால், வெறுங்காற்றில் வைத்திருந்தாள்.

அவளுக்கு ஏழாம் மாதம். பொழுது சாய்ந்தால் கண் தெரிவதில்லை. சுறா ஈரல் எண்ணெய் கொடுக்கும்படி டொக்டர் சொல்லியிருந்தார். சல்லிக் கிராமத்திலிருந்து சிவகுரு என்ற மீனவர் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தார். அபூதாஹிர் மூதூருக்கு ஆளேற்றும் லாஞ்சில் சுக்கான் பிடிக்கும் சுக்கானி. விடியுமுன் துறைமுகத்துக்குப் போய்விடுவார். எண்ணெய் பருக்கும் பொறுப்பு பக்கத்து வீட்டு அசனாவுடையது. அவள் மறந்துவிடாதபடி போத்தலை யன்னலில் வைத்திருந்தார்.

எண்ணெய் குடித்தும் குணமில்லை என்று டொக்டரிடம் போய்ப் புலம்பியபோது அவர் கேட்டது ஒன்றுதான்.

"போத்தலை எங்க வைக்கிறீங்கள்?"

"யன்னலில, ஐயா."

"வெளிச்சம் பட்டா விற்றமின் சிதைஞ்சுபோகும். பிறகு அது வெறும் மீன் எண்ணெய்தான்."

அபூதாஹிர் தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை நாளும் தானே மருந்தை வெயிலில் வைத்துக் கொன்றிருக்கிறார்.

அன்றைக்கே போத்தலுக்கு லாஞ்சின் அடியில் பூசும் கறுப்புத் தாரைப் பூசி அலுமாரிக்குள் வைத்தார். அலுமாரியைத் திறக்கும்போது வெளிச்சம் பாயுமே என்ற நினைப்பு வந்தது. யன்னலுக்குப் பலகை அடித்தார். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு மிச்சமிருந்தது. ஏணி வைத்து ஏறி அதைச் சாக்கால் மூடினார். குசினிக் கதவுக்கும் தடித்த திரை போட்டார்.

றுக்கியாவுக்கு இப்போது பகலிலும் கண் தெரியவில்லை. நடுப்பகலில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். கதவு நிலையில் மோதி நெற்றி வீங்கியது. கணவர் என்று நினைத்து அலுமாரியுடன் கதைத்தாள்.

நோய் முற்றிவிட்டது என்று பயந்த அபூதாஹிர், சிவகுருவிடம் சொல்லிப் பெரிய போத்தலாக வாங்கி வந்தார். இரட்டிப்பாகக் கொடுக்கும்படி அசனாவிடம் சொன்னார். எண்ணெயும் மளமளவென்று இறங்கியது. வீடு முழுக்கச் சுறா மணத்தது. மருந்து உடம்பில் ஊறுகிறது என்பதே அவருக்கிருந்த ஒரே ஆறுதல்.

அதுவும் நிலைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பகல், றுக்கியா குசினி வாசற்படி தெரியாமல் தடுக்கிக் குப்புற விழப்போனாள். மயிரிழையில் அசனா தாங்கிக்கொண்டாள். அபூதாஹிர் கதிரையில் இடிந்துபோய் உட்கார்ந்தார். பிள்ளையும் கண்ணில்லாமல் பிறக்கப்போகிறது என்று மனம் அடித்துக்கொண்டது. கண்ணீர் தாடியில் இறங்கியது.

"போத்தல் போத்தலாக் குடிக்கிறா. ஒரு சொட்டு வெளிச்சம் படவிடேல்ல. எண்ட அல்லாஹ், இனி நான் என்ன செய்ய?"

அசனா, பகலிலும் எரிந்துகொண்டிருந்த சுவரோரத்து எண்ணெய் விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"றுக்கியா ராத்தா அந்த எண்ணெயை மணந்தாலே ஓங்காளிச்சுச் சத்தியெடுக்கிறா, காக்கா. நீங்க மனம் வருந்துவீங்க எண்டுதான் சொல்லேல்ல. முதல் நாளிலேயிருந்து அதை விளக்குக்குத்தான் ஊத்திறன்."